ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்து வாங்க விடுங்கள்: ஆடியோ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பீக்கர் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் தலைமையில் இருப்பவர்களுக்கும் விற்பனைப் பிரிவை நடத்துபவர்களுக்கும்,

சிறிய ஆடியோ டீலர்களுக்கு உங்களில் ஒருவர் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வாங்க வருபவர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கத் தனியாகக் கேட்பறை வைத்திருக்கும் டீலர்களுக்கு, அங்கே ஓட்டிக் காட்டுவதற்கான டெமோ ஜோடி இனி கிடையாதாம். ஆண்டுக்கு இத்தனை பெட்டி எடுத்தால்தான் டீலர்ஷிப் நீடிக்குமாம். உங்கள் ஸ்பீக்கர்கள் இனி பெரும்பாலும் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய எலக்ட்ரானிக்ஸ் சங்கிலிக் கடைகளில்தான் கிடைக்குமாம். 'அதிக மக்களைச் சென்றடைவதற்காக' என்று காரணம் போட்டிருந்தது. இதே முடிவை உங்களில் வேறு சிலர் சுற்றறிக்கை கூட இல்லாமல் முன்பே எடுத்துவிட்டீர்கள்.

வீடுகளுக்குப் போய் ஸ்பீக்கர் பொருத்துவதும் பழுதானவற்றைப் பிரித்துச் சரிசெய்வதும் என் தொழில். எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் இல்லை. எந்தக் கடையிலும் எனக்குக் கமிஷன் இல்லை. நீங்கள் எடுக்கும் இந்த முடிவுகள் கடைசியில் வந்து விழுவது நான் போய் நிற்கும் வரவேற்பறைகளில்தான். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

பெரிய கடையில் விற்பதையே நான் எதிர்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பறை வைத்திருந்த டீலர்கள் எல்லாரும் உத்தமர்களாக இருந்ததில்லை. உள்ளே வருபவரின் சட்டையையும் செருப்பையும் பார்த்து எடைபோட்டவர்கள் உண்டு. தேவையே இல்லாத தடித்த கேபிளை வாடிக்கையாளர் தலையில் கட்டியவர்கள் உண்டு. அந்தக் கதவைத் தள்ளவே தயங்கிய ஒரு குடும்பம், டிவி வாங்கப் போன இடத்திலேயே ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பார்க்கக் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். நல்ல ஒலி சிலருக்கு மட்டுமானது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு பொருளைக் கேட்கவே முடியாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். வைத்த பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஸ்பீக்கர் அந்தக் கடையில் எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன். உயரமான ரேக்கில், மேல்தட்டில், தலைக்கு மேலே ஒன்று; அதன் ஜோடி அதே தட்டில் ஒட்டி நிற்கிறது, அல்லது இடமில்லாமல் கீழ்த்தட்டில் முழங்கால் உயரத்தில் கிடக்கிறது. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறீர்கள். ஒலி எழுப்பும் டிரைவர்கள் இரண்டு கொண்ட ஒரு பெட்டியை மிக மேலிருந்தோ கீழிருந்தோ கேட்டால், தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபரின் ஒலியும் ட்வீட்டரின் ஒலியும் காதுக்கு வந்துசேரும் நேரம் பிசகி, ஒலி இரண்டுக்கும் பிரியும் இடமான கிராஸ்ஓவர் அலைவரிசையைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். உங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அவர்களை அந்த ரேக்கின் முன்னால் ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு கடையில் உங்களில் ஒருவருடைய நல்ல மாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி இல்லவே இல்லை. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் கரைந்துபோயிருந்தது. பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். இடதுபக்கப் பெட்டியில் சிவப்பு முனையில் கறுப்பு வயரும் கறுப்பு முனையில் சிவப்பு வயரும் போயிருந்தன. ஒரு பெட்டியில் ஒலி எழுப்பும் கூம்பான கோன் முன்னே தள்ளும்போது மற்றதன் கோன் பின்னே இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. ஊஃபரின் நடுவே இருக்கும் டஸ்ட் கேப்பில் யாரோ குழந்தை விரலால் அழுத்திய குழி. ட்வீட்டரின் துணி டோம் உள்ளே போயிருந்தது. பணியிலிருந்த தம்பியிடம் சொன்னேன். "நான் மொபைல் செக்ஷன் சார், இன்னைக்கு இங்க ஆள் இல்லைன்னு நிக்கச் சொன்னாங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த முறை போனபோதும் அந்த வயர் அப்படியேதான் இருந்தது. அதற்கிடையில் எத்தனை பேர் அந்த ஜோடியைக் கேட்டு, 'இந்த பிராண்ட் பேர்தான் பெரிசு' என்று முடிவுகட்டிப் போயிருப்பார்கள்? உங்கள் விற்பனைக் கணக்கில் அது எந்தக் கட்டத்திலும் வராது.

இதைவிடப் பெரிய கேடு அந்த சுவிட்ச் போர்டு. வரிசையாகப் பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர். பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினால் ஒப்பிட்டுவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அங்கே உண்மையில் ஒப்பிடப்படுவது எது சத்தமாகக் கேட்கிறது என்பது மட்டும்தான். ஒரே பவரில் ஒரு பெட்டி எத்தனை டெசிபல் உரக்கப் பாடும் என்பதே அதன் சென்சிடிவிட்டி. 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஒரு பெட்டிக்கும் 86 டெசிபல் உள்ள இன்னொன்றுக்கும் வால்யூமைத் தொடாமல் மாற்றினால் முதலாவது 4 டெசிபல் உரக்கக் கேட்கும். இரண்டாவதை அதே உரப்புக்குக் கொண்டுவர இரண்டரை மடங்கு பவர் தர வேண்டும். மனிதக் காதின் இயல்பு என்னவென்றால், ஒரு டெசிபல் போன்ற சின்ன வித்தியாசத்தைப் பெரும்பாலும் அது 'சத்தம் கூட' என்று உணராது. 'தெளிவு கூட', 'உயிரோட்டம் கூட' என்றே உணரும். ஆகவே சத்தம் கூடிய பெட்டி வெல்லும், குணம் கூடிய பெட்டி தோற்கும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஸ்பீக்கர் வடிவமைப்பவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு கணக்கு இருக்கிறது. ஹாஃப்மன் விதி என்பார்கள். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த பவரில் உரக்கப் பாட வேண்டும் — இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சிறிய பெட்டியில் உண்மையான ஆழமான பேஸ் வேண்டும் என்று உழைத்த ஒரு வடிவமைப்பாளர் சென்சிடிவிட்டியைத்தான் விட்டுக்கொடுத்திருப்பார். வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் தீர்ந்தது. சுவிட்ச் போர்டிலோ அவருடைய பெட்டி முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். அடுத்த ஆண்டு உங்கள் கூட்டத்தில் விற்பனைப் பிரிவு என்ன சொல்லும்? 'கடை ஃப்ளோரில் நம் பெட்டி எடுபடவில்லை' என்று சொல்லும். அடுத்த மாடலில் ஆழம் போகும். அதன் இடத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது பேஸின் மேல்பகுதியில், ஒரு மேடும், உயர்ந்த ஒலியான ட்ரெபிளில் ஒரு பளபளப்பும் வரும். கடையின் இரைச்சலைத் தாண்டி இரண்டு நிமிடம் பிரமாதமாகக் கேட்கும் அந்த ஒலி, வீட்டில் ஒரு மணி நேரத்தில் காதைக் குத்தத் தொடங்கிவிடும். டிவிக்காரர்கள் கடைக்கென்று கண்ணைக் கூசவைக்கும் தனி மோடு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அதை மாற்றிவிடலாம். ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் அப்படி எந்த மோடும் கிடையாது. எப்படிச் செய்தீர்களோ அப்படியேதான் அது பத்து, பதினைந்து ஆண்டுகள் பாடும்.

"கடையில கேட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என் வேலையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. நல்லாத்தான் இருந்திருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்: ஒலி குறையக் குறைய நம் காது முதலில் இழப்பது பேஸைத்தான். கடையில் உச்சத்தில் ஓடிய அதே பாட்டை இரவில் பக்கத்து அறையில் பிள்ளை தூங்கும்போது மெதுவாகப் போட்டால் பேஸ் மெலிந்துவிடும். போதாக்குறைக்கு, கூரை எங்கோ உயரத்தில் இருக்கும் பரந்த கடையில் கேட்டு வாங்கிய பெட்டியைச் சின்ன அறையின் மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தால், சுவர் ஒவ்வொன்றும் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கணக்குப்படி ஒரு பரப்புக்கு 6 டெசிபல் வரை. ஒருவர் பேஸ் இல்லை என்பார், இன்னொருவர் வீடே அதிர்கிறது என்பார். இருவர் வீட்டிலும் இருப்பது ஒரே மாடல். பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் நகர்த்தி, இரண்டையும் உட்காரும் இடத்தை நோக்கிச் சற்றே திருப்பிவைத்தால் பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிய கடையில் இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பழைய டீலர், எத்தனை குறை இருந்தாலும், "உங்க ரூம் எவ்வளவு பெருசு, எங்க உட்காந்து கேப்பீங்க?" என்று கேட்டிருப்பார்.

வாட் கணக்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். உங்கள் அட்டைப்பெட்டியின் முன்பக்கம் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது வாட் எண்தான். ஆம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாத ஸ்பீக்கர் ஒரு வாட் கூட உற்பத்தி செய்வதில்லை. அந்த எண் அது தாங்கும் அளவைச் சொல்கிறது. ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கும் பெட்டிகளிலோ எண்ணின் முன்னால் 'பீக்' என்றோ 'பி.எம்.பி.ஓ.' என்றோ, கணநேர உச்சத்தை மட்டும் குறிக்கும் ஒரு சின்னச் சொல் ஒளிந்திருக்கும். இந்த எண் விளையாட்டு புதிதல்ல. அதைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் ஆம்ப்ளிஃபயர் பவரை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி போட்டது. 2024இல் அதைத் திருத்தி இறுக்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் விதி போட வேண்டியிருக்கிறது என்றால் தவறு வாங்குபவரிடம் இல்லை. ஒலி எழுப்ப அசையும் கம்பிச் சுருள்தான் வாய்ஸ் காயில். என் மேசைக்கு எரிந்து வரும் வாய்ஸ் காயில்களில் நிறைய, 'பெரிய வாட் ஸ்பீக்கர்தானே, தாங்கும்' என்று நம்பிச் சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகியவர்களுடையவை. ஆம்ப்ளிஃபயர் திணறி அலையின் தலையை வெட்டும்போது ட்வீட்டருக்கு அது தாங்க முடியாத சுமை போய்ச் சேர்கிறது. நான் பிரிக்கும்போது அந்தக் காயில் கருகி, விரல்பட்டால் உதிரும் நிலையில் இருக்கும். உங்கள் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை நம்பியதைத் தவிர அவர்கள் வேறு எந்தப் பிழையும் செய்யவில்லை.

என்னை அதிகம் காயப்படுத்திய ஒன்றை இங்கே சொல்கிறேன். ஒரே பெயர், ஒரே தோற்றம், மாடல் எண்ணின் கடைசியில் மட்டும் ஓர் எழுத்து வேறு. ஒன்று டீலரிடம் வாங்கியது, மற்றது சங்கிலிக் கடைக்கென்றே தயாரித்தது. இரண்டும் வெவ்வேறு வீடுகளிலிருந்து ஒரே சமயத்தில் பழுதுபார்க்க வந்திருந்தன. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி டெர்மினல் தட்டை வெளியே எடுத்தேன். முதலாவதில் காற்றுச் சுருள், ஃபிலிம் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கிராஸ்ஓவர் போர்டு. இரண்டாவதில் ட்வீட்டரின் வயரில் தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். ஊஃபருக்கு எந்த வடிகட்டியும் இல்லை, நேரடி வயர். உள்சுவர் அதிராமல் தாங்கும் குறுக்குக் கட்டை இல்லை, பஞ்சு ஒரு கைப்பிடி. முன்பக்கம் மட்டும் அதே லோகோ. குறைந்த விலைக்கு எளிய ஸ்பீக்கர் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. அதை அதன் சொந்தப் பெயரில் விற்க வேண்டும். நல்ல மாடலுக்குக் கிடைத்த விமர்சனத்தைப் படித்துவிட்டு, அதே பெயரைக் கடையில் பார்த்து, அதுதான் இது என்று வாங்கிவந்தவரிடம் நான் என்ன சொல்வது? சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவர் நீங்கள்.

உங்கள் பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். பெரிய கடைக்கு வருபவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது, அவர்கள் கேட்பதும் இல்லை என்பீர்கள். இதை நான் முழுமூச்சோடு மறுக்கிறேன், உங்கள் துறையின் ஆய்வையே சாட்சியாக வைத்து. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்டு டூல், அவருடன் இணைந்து ஆய்ந்த ஷான் ஆலிவ் ஆகியோர் பல்லாண்டுகள் இதைத்தான் சோதித்தார்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் தந்த மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிவிட்டன. ஸ்பீக்கரை அறையில் எங்கே வைக்கிறோம் என்பதும் கேட்பவரின் தீர்ப்பை மாற்றியது. அதனால்தான் ஹார்மன் தன் ஆய்வகத்தில் சில நொடிகளில் ஒரு ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு அடுத்ததை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் இயந்திரத்தையே அமைத்தது. 2003இல் ஆலிவ் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என் வாதத்துக்கு உயிரானது. பயிற்சி பெற்ற கேட்பாளர்கள், மாணவர்கள், ஸ்பீக்கர் விற்பவர்கள், விமர்சகர்கள் என்று 250 பேருக்கு மேல் மறைவாக வைத்துக் கேட்கச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் இன்னும் உறுதியாக, இன்னும் நுட்பமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் எது சிறந்தது, எது அடுத்தது என்ற வரிசையில் பயிற்சியே இல்லாதவர்களும் அவர்களோடு ஒத்துப்போனார்கள்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். டிவி வாங்க வந்த அந்தக் குடும்பத்துக்கு நல்ல ஸ்பீக்கரை அடையாளம் காணும் காது இருக்கிறது. ஒரே உரப்பில், ஒரே இடத்தில், அமைதியாக நான்கு பாட்டுக் கேட்க விட்டால் அவர்கள் சரியாகவே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்வது அநியாயம்.

பெரிய கடையில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்பீர்களா? அமெரிக்காவின் பெஸ்ட் பை என்ற மாபெரும் சங்கிலி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மேக்னோலியா என்ற ஆடியோ கடைக் குழுமத்தை வாங்கி, பின்னர் அந்தப் பெயரிலேயே தன் கடைகளுக்குள் தனிக் கேட்பறைகளைக் கட்டியது. மனம் இருந்தால் சங்கிலிக் கடைக்குள்ளும் கதவு மூடிய ஓர் அறைக்கு இடம் கிடைக்கும். அதற்கும் முன்னால் போனால் எட்கர் வில்ச்சரின் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனம். சீலிட்ட சிறிய பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவரும் முறையை 1954இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அவர்கள் ஓர் இசை அறை நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கலாம். அங்கே எதையும் விற்கவில்லை. கேட்டுவிட்டுப் போகலாம், வாங்குவது உங்கள் ஊர்க் கடையில். ரயிலுக்குக் காத்திருந்த கூட்டத்தை நம்பி ஒரு ஸ்பீக்கர் நிறுவனம் அறை திறந்தது. அதுவும் பரந்த மக்களைச் சென்றடைவதுதானே? உங்கள் சுற்றறிக்கையில் இருந்த சொற்களுக்கு அவர்கள் கொடுத்த பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போதோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். போஸ் நிறுவனம் 2020இல் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இருந்த தன் 119 கடைகளை மூடுவதாக அறிவித்தது. மக்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்பது காரணம். நிறுவனத்தின் சொந்தக் கடையும் போய், டீலரின் கேட்பறையும் போனால், வாங்குவதற்கு முன் ஒரு ஸ்பீக்கரைக் கேட்க ஒரு மனிதருக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தச் சங்கிலிக் கடையின் ரேக்தான். அதனால்தான் அந்த ரேக்கைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். அது முன்பு பல இடங்களில் ஒன்றாக இருந்தது. இப்போது பலருக்கு அது மட்டும்தான்.

பழுதுபார்ப்பது பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை, ஏனென்றால் எழுதினால் இந்த மடல் முழுக்க அதுவாகிவிடும். ஊஃபரின் விளிம்பு ஃபோம் பத்து, இருபது ஆண்டுகளில் தானாகவே பொடியும், எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு விளிம்பு வளையமும் கொஞ்சம் பசையும் இருந்தால் ஸ்பீக்கர் மீண்டும் பாடும். ட்வீட்டர் போனால் ஒரு ட்வீட்டர். டீலர் மூலம் கேட்டால் முன்பெல்லாம் அந்த உதிரிகளை அனுப்பினீர்கள். இப்போது சங்கிலிக் கடை 'கம்பெனியைக் கேளுங்க' என்கிறது; உங்கள் உதவி எண் 'வாங்கின கடையைக் கேளுங்க' என்கிறது. கடைசியில் நல்ல பெட்டியும் நல்ல ஊஃபரும் இருக்க, ஒரு ட்வீட்டருக்காக ஜோடியே குப்பைக்குப் போகிறது.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

நீங்கள் விற்பனைக்கு அனுப்பும் ஒவ்வொரு பெரிய கடையிலும் கதவு மூடக்கூடிய ஓர் அறையாவது இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அறைக்கு இடமில்லாத கடைக்கு ஒரு ஜோடியையாவது ஸ்டாண்டில், காது உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி, எதிரே ஒரு நாற்காலியோடு வைக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால், உங்கள் முக்கியமான மாடல்களை அந்தக் கடைக்கு அனுப்பாதீர்கள். அலமாரிக்கு இடம் கேட்கவும் பதாகை மாட்டவும் உங்களால் ஒப்பந்தம் போட முடிகிறது, இதற்கும் முடியும்.

சுவிட்ச் போர்டில் உங்கள் ஸ்பீக்கர் இருக்க வேண்டுமானால் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி அதில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். இல்லாத இடத்திலிருந்து உங்கள் பெட்டியை எடுத்துவிடுங்கள். ஒருவர் எடுத்தால் மற்றவர் அந்த இடத்தைப் பிடிப்பார் என்று பயப்படுவீர்கள். அதனால்தான் இதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை உங்கள் ஆள் ஒருவர் ஒவ்வொரு கடைக்கும் போகட்டும். வயர் சரியான முனையில் இருக்கிறதா, டோம் நசுங்கியிருக்கிறதா, இரண்டு பெட்டியும் பாடுகின்றனவா என்று பார்க்கட்டும். நசுங்கிய டெமோவை அன்றே மாற்றட்டும். அங்கே நிற்கும் தம்பி, தங்கைகளுக்கு அரைநாள் பயிற்சி கொடுக்கட்டும். அறை எவ்வளவு பெரிது, எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள், எந்த ஆம்ப்ளிஃபயர் என்று மூன்று கேள்வி கேட்கத் தெரிந்தாலே போதும்.

கடைக்கென்று தனியாகச் செய்யும் மாடலுக்குத் தனிப் பெயர் வையுங்கள். எழுத்து ஒன்றை மாற்றிவிட்டுப் பழைய பெயரில் விற்பதை நிறுத்துங்கள்.

அட்டைப்பெட்டியின் முன்பக்கத்திலிருந்து உச்ச வாட் எண்ணை எடுத்துவிட்டு, சென்சிடிவிட்டி, எத்தனை ஓம் மின்தடை, எந்த அளவு ஆம்ப்ளிஃபயரோடு பயன்படுத்தலாம் என்பதை அச்சிடுங்கள். கூடவே ஒவ்வொரு மாடலுக்கும் முழு அளவீட்டை வெளியிடுங்கள். இதற்கான பொது நெறிமுறை 2013இலிருந்தே இருக்கிறது: இப்போது சி.டி.ஏ. 2034 என்று அழைக்கப்படும் அதன்படி, ஸ்பீக்கரைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 70 அளவீடுகள் எடுக்க வேண்டும். உங்களில் பலர் ஆய்வகத்தில் இதை ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கிறீர்கள். வடிவமைக்க உதவிய படத்தை வாங்குபவரும் பார்க்கட்டும். ஒரு மாடலைக் கேட்கவே வழியில்லாத ஊரில் இருப்பவருக்கு அந்தப் படம்தான் ஓரளவேனும் துணை.

கேட்பறை வைத்திருக்கும் சிறிய டீலர்களைக் கைவிடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். எத்தனை பெட்டி விற்றார் என்பதை மட்டும் அளவுகோலாக வைக்காமல், ஒழுங்கான அறையில் எத்தனை பேரைக் கேட்கவைத்தார் என்பதையும் கணக்கில் எடுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சங்கிலிக் கடையில் வாங்குபவர்கள் உண்டு. அந்த விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வழி செய்யுங்கள்.

ஒரு மாடலின் தயாரிப்பை நிறுத்திய பிறகும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு அதன் ட்வீட்டர், ஊஃபர், விளிம்பு வளையம், கிராஸ்ஓவர் பாகங்கள் எந்தப் பழுதுபார்ப்பவரும் நேரடியாக வாங்கும்படி கிடைக்கட்டும். எங்கே யாரைக் கேட்பது என்ற விவரத்தைப் பெட்டியின் பின்புறத் தட்டிலேயே அச்சிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை மாட்டீர்கள், செய்வதென்றால் எப்போது என்பதை எனக்குத் தனியாக எழுத வேண்டாம். உங்கள் ஸ்பீக்கரை வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் படிக்கும்படி பொதுவில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்பீக்கர்களை வீடுகளில் பொருத்தியும் பழுதுபார்த்தும் வரும் ஒருவர்